சேரனுக்கு மூன்று காது

கொளஞ்சியப்பர் சந்நிதியில் சூடம் அணைத்துச் சொல்கிறேன்: இனி வருகிற ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். கமா, முற்றுப்புள்ளி உட்பட. இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கிற ஆறு பல்லும் இன்றைக்கே கொட்டிவிடட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கே முக்கால் மணிக்கு, விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிற ‘வேல்விழி துப்பறியும் நிலைய’த்தில், உதவியாளர் பாவாடை நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் அது கழன்று அவனோடு வந்துவிட்டது. பாவாடை ஆம்பளைதான். பாவாடைராயன் சாமி பெயர். வெளியூர் கூரியர் பையன்கள் ‘மேடம்’ என்று கூப்பிட்டுக்கொண்டே மாடியேறி, அவன் மீசையைப் பார்த்ததும் பார்சலைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். இந்த வேலைக்கு வருமுன் பத்து வருஷம் பீங்கான் சூளைகளில் பொம்மை அடுக்கியவன். நெருப்பு என்ன செய்யும் என்று தெரிந்தவன். அதனால்தான் இவ்வளவு பயம்.

பயந்தால் சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பாவாடைக்கு அவிழ்ந்துகொள்ளும்.

“க்கா, எனக்கு லீவு குடு. எங்க மாமியாருக்கு ஒடம்பு சரியில்ல.”

“ஒனக்குக் கல்யாணமே ஆவல,” என்றாள் வேல்விழி, மேசைமேல் கிடந்த காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அந்த அலுவலகத்தில் துப்பறிகிறவள் அவள். நாற்பது வயது. அவள் பதறி யாரும் பார்த்ததில்லை.

எதிரே உட்கார்ந்திருந்தவள் கருவேப்பிலங்குறிச்சி காசியம்மாள். மகள் அன்பரசிக்கு இருபத்திரண்டு வயது. ராஜாங்கத்தின் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானாலும் வேலை இருக்கிறதென்று காலையில் போனவள் சாப்பாட்டுக்கு வரவில்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. ராஜாங்கத்துக்குப் போட்டால், “இன்னிக்கு ஆபீஸு லீவாச்சேம்மா.” பதறிப்போய் மகளின் படுக்கையை உதறியபோது தலையணை உறைக்குள்ளிருந்து விழுந்தது இந்தக் காகிதம்.

“கொளஞ்சியப்பருக்குப் பிராதுச் சீட்டு எழுதிக் கோயில்ல கட்டிட்டு, நேரா இங்கதான் வரேன்,” என்றாள் காசியம்மாள்.

“அப்ப நாங்க ரெண்டாவது ஸ்டேஷன்,” என்றான் பாவாடை. “கேஸ அவரே முடிச்சுட்டா எல்லாருக்கும் நல்லது.”

வேல்விழி காகிதத்தை வாய்விட்டுப் படித்தாள்.

“கருப்பன். எட்டு, கோடு போட்டு அறுபத்துநாலு. காது ரெண்டு. செங்கல் ஆயிட்டான்.

ஆண்டாள். பதினாறு, நூத்தியிருபத்தெட்டு. காது உள்ளே. உயிர் இருக்கு, பேச மாட்டேங்குறா.

சேரன். முப்பத்திரண்டு, எரநூத்தி அம்பத்தாறு. காது மூணு. வெளியே ஒருத்தன், உள்ளே ஒருத்தன். வாயைத் திறந்து மூணு கம்பி வச்சாச்சு. அப்பவும் செங்கல்.

அன்பரசி. நூத்தியிருபத்தெட்டு, ஐந்நூத்திப் பன்னெண்டு. காது நாலு. ஞாயிறு, சூளையில. சாயங்காலம் ஆறு மணிக்கு முடிவு.”

காசியம்மாள் எட்டி அந்தக் கடைசி வார்த்தைமேல் விரலை வைத்தாள். “முடிவுன்னு போட்டுருக்குதே யம்மா. எம்பொண்ணுக்கு ஆறு மணிக்கு முடிவு.”

“எழுத்து யாருது?”

“அவளோடதுதான். எவனோ மெரட்டி எழுத வச்சிருக்கான்.”

பாவாடை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். எண்ண எண்ண அவன் முகம் வெளுத்து, சூளைக்குப் போகாத பச்சைக் களிமண் நிறத்துக்கு வந்தது. “க்கா, கணக்கு சரியா வருது. எட்டு மணி நேரம் எரிச்சா அறுபத்துநாலு செங்கல். பதினாறு மணி நேரத்துக்கு நூத்தியிருபத்தெட்டு. முப்பத்திரண்டுக்கு எரநூத்தி அம்பத்தாறு. மணிக்கு எட்டு செங்கல் வீதம் மனுஷன...”

“வாய மூடு.”

“மூடுனா மூணு கம்பி வைப்பானுவோ.”

வேல்விழி எழுந்து ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். “ஒனக்கு எத்தினி காது, பாவாடை?”

“காலையில மூஞ்சி கழுவும்போது ரெண்டு இருந்துது.”

“அத எங்கியாவது குறிச்சு வச்சியா? எல்லாருக்கும் ரெண்டுதான்னா எவனும் எழுத மாட்டான். கருப்பனுக்கு ரெண்டுன்னு எழுதியிருக்குதுன்னா, ரெண்டு இல்லாத ஆளுங்களும் இருக்கணும்.”

தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் அவள் இதைச் சொன்னாள். பாவாடைக்கோ, இத்தனை நேரம் கொலைகாரனுக்கு மட்டும் பயந்துகொண்டிருந்தது போக, இனி மூன்று காதுக்காரனுக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டியதாயிற்று.

ஒரு ஸ்கூட்டியில் மூன்று பேர். நடுவில் காசியம்மாள். மணிமுத்தாறு பாலத்தில் அவர்கள் போன வேகத்தில், ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ஒன்று வெட்கப்பட்டு அவுட்டரில் நின்றுவிட்டது. இதை அந்த ரயிலின் கார்டே என்னிடம் ஒப்புக்கொண்டார்.

பீங்கான் தொழிற்பேட்டையில் ஞாயிறு வெறிச்சோடிக் கிடந்தது. ராஜாங்கம் கம்பெனி வாசலில் நீள அலமாரி நிறையக் கண் எழுதாத பொம்மைகள். வெள்ளைப் பிள்ளையார், வெள்ளை மயில், வெள்ளைக் கிருஷ்ணர். எல்லாம் கண்ணில்லாமலே பாவாடையைப் பார்த்தன. நகர்ந்தால் கூடவே திரும்புவதுபோலிருந்தது. அவன் காசியம்மாளின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டான். ஆறுதலுக்குத்தான். யாருக்கு என்று கேட்கக்கூடாது.

“வாங்கம்மா,” என்றார் ராஜாங்கம், வேட்டியை இறக்கிவிட்டபடி. “ராகு காலத்துல வந்துருக்கீங்க. பொண்ணு இங்க வரலியே. நானே மூணு மணிக்குத்தான் வந்தேன்.”

“அப்பறம் எதுக்குக் கம்பெனி தொறந்திருக்குது?” என்றாள் வேல்விழி.

“ரெண்டாம் நம்பரு சூளைய காய வைக்கணும். தோ, ஆனந்தராஜ் வந்துருக்கான்.”

கொல்லையில் இரண்டு சூளைகள். ஒன்றாம் நம்பர் ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் காற்றடிக்கிற மோட்டாரின் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்கவில்லை. இரண்டாம் நம்பரின் இரும்புக் கதவு சாத்தி, இடுக்கெல்லாம் குழைத்த களிமண் பூசியிருந்தது. கதவில் மூன்று பட்டை விபூதி. முன்னால் உடைத்த தேங்காய். அதன் பக்கத்தில், கையெல்லாம் களிமண்ணாக, சூளைக்காரர் ஆனந்தராஜ்.

கதவோரமாக மூன்று செங்கல் அடுக்கியிருந்தது. ஒன்று கருகல்.

“க்கா,” என்றான் பாவாடை, குரல் கிறீச்சிட. “கருப்பன்.”

“என்னாங்க?” என்றார் ஆனந்தராஜ்.

“ஒண்ணுமில்ல. இவரு சொந்தக்காரரு ஒருத்தரு,” என்றாள் வேல்விழி. “எப்ப மூடுனீங்க?”

“நாலு மணிக்குங்க. நாலரைக்கு ராகு காலம் வந்துடும்ல? அதுக்குள்ள பூசை போட்டு மூடியாச்சு. ஆறு மணிக்கு ராகு காலம் முடிஞ்சதும் பத்த வைக்க வேண்டியதுதான்.”

ஆறு மணி. பாவாடை முந்தானையை இன்னொரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டான். “உள்ள என்னா அடுக்கியிருக்குது?” என்றான்.

“ஒண்ணும் கெடையாது. வெறும் சூளை. மழையில ஈரம் ஏறிக் கெடக்குது. மொதல்ல ஒரு தபா வெறும் வயித்தோட காய வைக்கணும். இல்லன்னா அடுத்த அடுக்குல பொம்மையெல்லாம் படார் படார்னு வெடிச்சுடும்.”

பாவாடைக்கு மூச்சு வந்தது. மூடிய சூளை, அதுவும் வெறும் சூளை. ஆறு மணிக்கு யாரைக் கொண்டுவந்தாலும் உள்ளே போட வழியில்லை. மூன்று காதுக்காரன் வந்தாலும் தேங்காயை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

வேல்விழி அன்பரசியின் மேசையைப் பார்க்க வேண்டுமென்றாள். ராஜாங்கம் அலுவலக அறையைக் காட்டினார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ராஜாங்கம் அதை அண்ணாந்து பார்த்து, “யாரு போட்டது?” என்றார்.

அந்த ஒரு கேள்விக்கே பாவாடை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். மறுவாரம் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தபோது அவன் உருவம் அப்படியே பதிந்திருந்ததாகச் சொல்கிறார்கள்.

“ஒன் கணக்கு தப்பு, பாவாடை,” என்றாள் வேல்விழி, மேசை முன் உட்கார்ந்து. “அன்பரசிக்கு என்னா எழுதியிருக்குது? நூத்தியிருபத்தெட்டு. அது மணி நேரம்னா அஞ்சு நாளு, மேல எட்டு மணி. ராஜாங்கம் சார், அஞ்சு நாளு விடாம எரியுமா ஒங்க சூளை?”

“எரிச்சா நான் திருவோடு எடுக்க வேண்டியதுதான்மா.”

“எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. அறுபத்துநாலு, நூத்தியிருபத்தெட்டு. எல்லாமே ரெண்டு ரெண்டா பெருகுற எண்ணு. மனுஷனுக்கு வயசு பத்தொன்பது இருக்கும், எட எழுவத்தி மூணு இருக்கும். இப்படி அச்சுல வார்த்தாப்ல இருக்காது. இது மனுஷன் சமாச்சாரமில்ல. கம்ப்யூட்டர் சமாச்சாரம்.”

சொல்லிக்கொண்டே குனிந்து மேசைக்கடியிலிருந்து நான்கு காலி அட்டைப் பெட்டிகளை இழுத்தாள். மூன்றாவது பெட்டியின் மேல் ஒரு படம். கறுப்பு டப்பா. அதன் தலையில் குச்சிபோல் நிமிர்ந்த ஆன்டெனா. ஒன்று, இரண்டு, மூன்று.

“சேரன்!” என்று கத்தினான் பாவாடை.

“வைஃபை ரவுட்டரு,” என்றாள் வேல்விழி.

பெட்டியில் மங்கலம்பேட்டை கம்ப்யூட்டர் கடை ஒன்றின் எண் ஒட்டியிருந்தது. கடைக்காரன் பிரவீன்குமார். வேல்விழி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“தம்பி, கருப்பன கொன்னது யாரு?”

“அன்பரசி அக்காதாங்க,” என்றது போன், சாவகாசமாக.

காசியம்மாள் நெஞ்சில் கைவைத்தாள்.

“எப்படி?”

“தப்பான ஃபைல ஏத்திட்டாங்க. செங்கல் ஆயிடுச்சு. செத்துப்போன ரவுட்டர நாங்க செங்கல்னுதான் சொல்லுவோம். லைட்டும் எரியாது, கூப்புட்டாலும் பேசாது. வச்சுப் பூசி சொவரு எழுப்பத்தான் ஒதவும். நீங்க யாருங்க?”

வேல்விழி சொன்னாள். பிரவீன்குமாரும் சொன்னான். அங்கங்கே பல ஊர்களில் இருக்கிறவர்கள் சேர்ந்து ஒரு குழு. ரவுட்டருக்குள் ஓடுகிற மென்பொருளைத் தாங்களே எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், எடுத்துக்கொள்ளலாம். எந்த டப்பாவை வைத்து எல்லாரும் வேலை செய்வது என்று சோதித்துச் சொல்கிற பொறுப்பு அன்பரசிக்கு.

“கருப்பனுக்கு உள்ள எடம் பத்தல. எட்டு எம்பி சேமிப்பு, அறுபத்துநாலு எம்பி நெனவு. கொஞ்சம் ஏத்துனாலே வாந்தி எடுக்கும். ஆண்டாளோட சிப்பு கம்பெனிக்காரன் உள்ரகசியம் எதையும் வெளிய தர மாட்டான். நம்ம சாஃப்ட்வேரு போட்டா டப்பா ஓடும், வைஃபை வராது. சேரன் இருக்கானே, அவன் சரியான ஏமாத்துக்காரன். பெட்டி மேல அதே பேரு, அதே நம்பரு. உள்ள போன வருஷத்து சிப்பு வேற, இந்த வருஷத்து சிப்பு வேற. பிரிச்சு, மூணு கம்பி வச்சு எழுப்பிப் பாத்தாங்க. எழுந்துக்கல.”

“அன்பரசி?”

“அது நாலாவது டப்பா. அதான் நல்லா இருக்குது. எடம் தாராளம், சிப்பும் தொறந்த சிப்பு, செத்தாலும் பட்டன அமுக்குனா பொழச்சுக்கும். அதனால அக்கா தன் பேரையே வச்சுடுச்சு. இன்னிக்கு ஆறு மணிக்கு குழுவுக்கு முடிவு சொல்லணும்.”

முடிவு. பாவாடை சுவரிலிருந்து பிரிந்து வந்து சிரித்தான். சிரிப்பு நிற்கவில்லை. காசியம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். ராஜாங்கம் எதற்கென்று தெரியாமலே சிரித்தார். மணி ஐந்து முப்பத்தைந்து. “டீ சொல்லவா?” என்றார்.

“மூணு காதுக்காரனுக்கும் சேத்து நாலு,” என்றான் பாவாடை.

வேல்விழி சிரிக்கவில்லை. “பெட்டி நாலும் இங்க இருக்குது. உள்ள இருந்ததெல்லாம் எங்க?” என்றாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், “தம்பி, அன்பரசி இத எங்க வச்சு சோதிக்கறா?”

“அதுக்கு வெளி சிக்னலு எதுவும் கலக்காத எடம் வேணும்ங்க. பெரிய கம்பெனியில அதுக்குன்னே தனி ரூமு கட்டுவாங்க. அக்கா சொன்னுச்சு, நம்மூருல ரெண்டடி செவுத்தோட ரூமு சும்மாவே கெடக்குதுன்னு.”

மேசைக்கடியில் ப்ளக்கில் சொருகிய மஞ்சள் ஒயர் ஒன்று ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. வேல்விழி ஜன்னலில் தலையை நீட்டினாள். ஒயர் கொல்லையைத் தாண்டி, செடிக்குள் நுழைந்து, இரண்டாம் நம்பர் சூளையின் பின்பக்கப் புகை ஓட்டைக்குள் போய் மறைந்தது.

‘ஞாயிறு, சூளையில.’ அவ்வளவு தெளிவாகத்தான் எழுதியிருந்தாள்.

வேல்விழி பதறி ஓடியதை அன்றைக்குத்தான் பாவாடை முதன்முதலாகப் பார்த்தான். அதைவிடப் பெரிய பயம் அவன் வாழ்க்கையில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. இதுவரை பயந்ததெல்லாம் இல்லாத ஆளுக்கு. இப்போது உள்ளே இருப்பது இருக்கிற பெண்.

“கதவத் தொறங்க! உள்ள ஆளு இருக்குது!”

“வெறும் சூளைங்க,” என்றார் ஆனந்தராஜ். கையில் பர்னர் குழாய். “ஞாயித்துக்கெழம யாரு வருவா?”

“மூடறதுக்கு முன்ன உள்ள போயிப் பாத்தீங்களா?”

“வெறும் சூளையில என்னாத்தங்க பாக்கறது?” சொல்லும்போதே அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் கை அசையவில்லை. “பூசை போட்டு மூடுனத, பத்த வைக்காம தொறக்கறது கெடையாதும்மா. போன தபா அப்படித் தொறந்து...”

காசியம்மாள் கதவில் இரண்டு கையாலும் அறைந்தாள். “அன்பு! அன்பு!” இரும்புக்குப் பின்னால் ஓரடிக்குச் செங்கல். அறைந்த சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. பக்கத்துச் சூளை மோட்டார் எல்லாவற்றையும் விழுங்கியது. பாவாடை காதை வைத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. உள்ளே அவள் இல்லையா, இருந்தும் குரல் வரவில்லையா? மணி ஐந்து நாற்பத்தொன்பது.

“பாவாடை, போன எடு,” என்றாள் வேல்விழி. “வைஃபை தேடு.”

அவன் தப்புத் தப்பாக அமுக்கியதில் போன் மூன்று தடவை தானாகவே பூட்டிக்கொண்டது. திறந்தான். பட்டியலில் ராஜாங்கம் கம்பெனி வைஃபை மட்டும். கதவிடுக்கில் ஈரக் களிமண்ணோடு ஒட்டிப் பிடித்தான். ஒன்றுமில்லை. கீழே பிடித்தான். ஒன்றுமில்லை. கீல் பக்கம் கொண்டுபோனான்.

ஒரு வரி வந்தது. ஒரே ஒரு கோடு சிக்னல். வந்து, மறைந்து, மறுபடி வந்தது.

*கதவ தொறங்க*

பாவாடை எத்தனையோ பேய்க்கதை கேட்டிருக்கிறான். எந்தப் பேயும் வைஃபை பட்டியலில் வந்து கூப்பிட்டதில்லை. “க்கா,” என்றான். அதற்குமேல் அவன் நாக்குகூட அவிழவில்லை.

வேல்விழி போனைப் பிடுங்கி ஆனந்தராஜின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். பர்னர் குழாய் கையிலிருந்து நழுவி விழுந்தது. அடுத்த நொடி அவரே களிமண்ணைப் பிராண்டிக்கொண்டிருந்தார். ராஜாங்கம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கம்பியால் நெம்பினார். காசியம்மாள் நகம் பெயர்ந்ததைக் கவனிக்கவே இல்லை.

கதவு ஒரு முழம் திறந்தது. உள்ளிருந்து வெந்த மண் வாசனை. இருட்டில் நான்கு சின்னப் பச்சை விளக்குகள். பிறகு ஒரு கை.

தலைமுதல் கால்வரை வெள்ளைத் தூசியாக, அலமாரிப் பொம்மைபோல வெளியே வந்தாள் அன்பரசி. இதற்குக் கண் இருந்தது. அழுது சிவந்த கண்.

“உள்ள குறுக்குச் செவுத்துக்கு அந்தாண்ட ஒக்காந்திருந்தேன். காதுல ஹெட்போன். கதவு சாத்துனதே தெரியலம்மா,” என்றாள். குரல் உடைந்திருந்தது. “கத்திப் பாத்தேன். போன்ல சிக்னல் இல்ல. ரவுட்டருக்குப் பேரு மாத்தலாம்ல? நாலு காதையும் கதவுப் பக்கம் திருப்பி வச்சுட்டு, யாராச்சும் வைஃபை தேட மாட்டாங்களான்னு...”

காசியம்மாள் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டு விடவே இல்லை.

பாவாடைக்கு நாக்கு திரும்பி வந்தது. “சாவப் போற நேரத்துலயும் ‘தொறங்க’வா? ‘தொற’ன்னு போட்டா ரெண்டு எழுத்து மிச்சமாச்சே.”

“பெரியவங்க யாராச்சும் வந்து படிச்சா தப்பா நெனைக்க மாட்டாங்களா, ண்ணா?”

ஆறு மணி அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது, பாவாடையின் போனை வாங்கித் தன் குழுவைக் கூப்பிட்டாள். “நாலாவது டப்பாவே இருக்கட்டும்,” என்றாள். “செங்கலத் தாண்டிப் பேசுச்சு.” எப்படித் தெரியும் என்று அந்தப் பக்கம் யாரோ கேட்டார்கள். அவள் போனைப் பாவாடையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஆனந்தராஜ் டார்ச்சோடு சூளைக்குள் போய் மூன்று தடவை சுற்றிவந்தார். வெளியே வந்து, நின்றவர்களை ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகுதான் மூடிப் பற்றவைத்தார். நெருப்பு ஒரே மூச்சில் உறுமிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. பார்க்கும் துளை வழியாகப் பாவாடை ஒரு கணம் பார்த்தான். அவள் உட்கார்ந்திருந்த குறுக்குச் சுவர் சிவக்கத் தொடங்கியிருந்தது. அதற்குமேல் அவனால் பார்க்க முடியவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

டிரான்ஸ்ஃபார்மர் மாற்றுகிற வேலைக்காக, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை விருத்தாசலம் முழுவதும் கரண்ட் இல்லை. அப்படியானால் மின்விசிறியும் மோட்டாரும் ரவுட்டரும் எதில் ஓடின என்று கேட்காதீர்கள்; என் ஆறு பல்லில் ஒன்று இப்போதே ஆடுகிறது.